விரலுக்கேற்ற தந்தி

எங்கள் லயத்தில் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. விடியும்போது தொழிற்சாலைச் சங்கு, பிறகு பெரட்டுக்குப் போகிறவர்களின் கூப்பாடு, பசறை வீதியில் பஸ்ஸின் ஹோன், ஒவ்வொரு காம்பராவிலும் ஒரு வானொலி. இவ்வளவும் போதாதென்று இரண்டு வருடங்களுக்கு முன்னர் என் அண்ணன் மகன் ஒரு கிற்றாரை வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

அவன் பதுளை டவுனில் கைத்தொலைபேசி திருத்தும் கடையொன்றில் வேலை செய்கிறான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து யாரோ பாவித்த கிற்றாரை வாங்கியிருந்தான். கூடவே சின்னப் பெட்டி போன்ற ஒரு ஒலிபெருக்கி. பின்னேரம் வேலை முடிந்து வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்தானென்றால் தகரத்தை இழுத்துக்கொண்டு போவது போல ஒரு இரைச்சல். பக்கத்துக் காம்பராப் பாட்டி இரண்டு தடவை சண்டைக்கு வந்துவிட்டார். எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. எதிர்பாராமல் ஒரு பெரிய சத்தம் கேட்டால் இன்றைக்கும் என் உடம்பு தானாகக் குனிந்துவிடும். ஏன் என்று இந்தப் பக்கத்தை வாசிக்கும் சகோதரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

"தம்பி, இது பாட்டா, இரும்புக் கடையா? காது வலிக்குதுடா" என்று ஒருநாள் ஏசினேன்.

அவன் கோபிக்கவில்லை. கைத்தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "அத்தை, இந்த ஆளோட கையப் பாருங்க. உங்க கை மாதிரியேதான்" என்றான்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். ஏனென்றால் எங்கள் வீட்டில் என் கையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் இந்த மலைகளிலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்போது எனக்கு நான்கு வயது. அண்ணன் மட்டும் பாட்டியுடன் தோட்டத்திலேயே நின்றுவிட்டார். நாங்கள் தர்மபுரத்தில் காடு வெட்டி, கிணறு வெட்டி, வாழை வைத்துப் பிழைத்தோம். எனக்கு அங்கேதான் கலியாணமும் நடந்தது. 2009ஆம் ஆண்டு எல்லோரையும் போல நாங்களும் ஓடி ஓடி மாத்தளனுக்கு வந்து சேர்ந்தோம். மகளுக்கு அப்போது ஆறு வயது. இரண்டு நாளாக அவள் வயிற்றுக்கு ஒன்றும் போகவில்லை. ஓரிடத்தில் கஞ்சி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, "ஒருக்கா போய்ப் பார்த்திட்டு வாங்க" என்று அவரை நான்தான் அனுப்பினேன். அவர் போன பக்கம் ஷெல் விழுந்தது. தேடி ஓடிய என் வலது கையில் அடுத்ததன் துண்டு பட்டது. சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் நுனி போனது. அவர் திரும்பி வரவேயில்லை.

முகாம் வாழ்க்கை முடிந்து 2010இல் மகளுடன் அண்ணன் வீட்டுக்கு வந்தேன். கொழுந்து பறிக்கக் கேட்டேன். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளுவதற்குப் பெருவிரலும் சுட்டுவிரலும் வேண்டும். மற்றப் பெண்கள் கூடை நிரப்பும்போது என் கூடையில் அடிப்பாகம்தான் மறைந்திருக்கும். முழுப் பேர் விழாது. ஒரு மாதத்தில் நானே நின்றுகொண்டேன். அதற்குப் பிறகு வெளியே போகும்போதெல்லாம் அந்தக் கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டே நடந்தேன். பதினைந்து வருடத்துக்கு அதுதான் என் வழக்கம்.

அந்தக் கையைத்தான் அவன் அன்று பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல இருந்தது.

அவன் காட்டிய மனிதரின் பெயர் டொனி அயோமி. பிளக் சபாத் என்ற இங்கிலாந்து இசைக்குழுவின் கிற்றார் கலைஞர். அவர் கதையை மருமகன் ஒரே நாளில் சொல்லி முடிக்கவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் தேநீர் குடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். நான் தைத்துக்கொண்டே கேட்டேன்.

டொனி 1948இல் பேர்மிங்ஹாம் நகரத்தில் பிறந்தவர். அது தொழிற்சாலைகளின் ஊர். அஸ்டன் என்ற தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்தார். இடக்கைக்காரர். அதனால் இடக்கையால் தந்தியை மீட்டி, வலக்கை விரல்களால் தந்தியை அழுத்துவார். பதினேழு வயதில் தகட்டு இரும்பு வேலை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருந்தார். ஒரு குழுவுடன் வெளிநாடு போய் வாசிக்க வாய்ப்புக் கிடைத்தது. வேலையை விட்டுவிடத் தீர்மானித்தார். கடைசி நாள் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர், இனித் திரும்பிப் போகமாட்டேன் என்றார். அவருடைய அம்மா விடவில்லை. தொடங்கிய நாளை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அனுப்பிவைத்தார்.

அன்று ஒரு யந்திரத்தில் வேலை செய்பவர் வரவில்லை. பழக்கமில்லாத டொனியை அதில் நிறுத்தினார்கள். தகட்டை அழுத்தும் அந்த யந்திரம் அவருடைய வலக்கையில் நடுவிரலினதும் மோதிரவிரலினதும் நுனிகளை எடுத்துவிட்டது.

இந்த இடத்தில் நான் தையலை நிறுத்திவிட்டேன். மருமகன் அந்த விரல்களை நினைத்துத்தான் நான் கலங்குகிறேன் என்று எண்ணினான். நான் நினைத்தது அந்தத் தாயை. ஒரு நல்ல தாய் சொல்லக்கூடிய சாதாரண வார்த்தையைத்தான் அவர் சொன்னார். போய் முடித்துவிட்டு வா. நான் சொன்னதும் அப்படித்தான். ஒருக்கா போய்ப் பார்த்திட்டு வாங்க. அந்த வார்த்தைக்காக என்னை நானே எத்தனை இரவு தண்டித்திருக்கிறேன்! ஆனால் முன்பின் தெரியாத அந்த வெள்ளைக்காரத் தாய்மேல் எனக்குக் கொஞ்சமும் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. கையை எடுத்தது யந்திரம், பழக்கமில்லாதவனை அதில் நிறுத்திய ஏற்பாடு. தாயின் வார்த்தை அல்ல. இதை அவருக்காக உடனே சொல்ல முடிந்த எனக்கு, எனக்காகச் சொல்லிக்கொள்ளப் பதினாறு வருடம் எடுத்திருக்கிறது.

இனிக் கிற்றார் வாசிக்க முடியாது என்று வைத்தியர்கள் டொனியிடம் சொன்னார்கள். பையன் இடிந்துபோய் வீட்டில் கிடந்தான். அப்போது அந்தத் தொழிற்சாலையில் பொறுப்பாக இருந்த ஒருவர் ஓர் இசைத்தட்டை எடுத்துக்கொண்டு பார்க்க வந்தார். கேள் என்று போட்டுக் காட்டினார். வாசிப்பு அற்புதமாக இருந்தது. அதை வாசித்தவர் ஜாங்கோ றைன்ஹார்ட் என்பவர். 1928இல் வண்டி வீடு தீப்பற்றியதில் இடக்கையின் இரண்டு விரல்கள் முடங்கிப்போனவர், மீதி விரல்களைக் கொண்டே புதிதாகப் பழகி ஐரோப்பாவில் பேரெடுத்தவர். இதை அந்த மனிதர் சொன்னதும் டொனிக்கு மறுபடி உயிர் வந்தது.

அடுத்து அவர் செய்ததைக் கேட்டபோது, சகோதரிகளே, எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி உருண்டையாக்கினார். சூடான கம்பியால் அதில் துளை போட்டார். விரலில் பொருந்தும்வரை உட்கார்ந்து தேய்த்தார். பழைய தோல் சட்டையொன்றிலிருந்து துண்டு வெட்டி அதன்மேல் ஒட்டினார். நாங்கள் கையால் தைக்கும்போது ஊசி குத்தாமல் விரலில் மாட்டுகிறோமே திம்பிள், அதுபோலத்தான். கோடிக்கணக்கானவர்கள் கேட்ட இசை ஒரு திம்பிளில் தொடங்கியிருக்கிறது!

ஆனால் உறை மாட்டியதால் எல்லாம் சரியாகிவிடவில்லை. உறைக்கு உணர்ச்சி கிடையாது. தந்தி தொட்டதா, எவ்வளவு அழுத்துகிறோம் என்று விரலுக்குத் தெரியாது. கடையில் விற்ற தந்திகள் தடிப்பானவை, அழுத்தினால் வலிக்கும். கிற்றாரை மறுபக்கம் திருப்பிப் பிடித்து முதலிலிருந்து பழகலாமா என்றும் யோசித்தார். பழகிய வருடங்களைக் கைவிட மனம் வரவில்லை. அதனால் பான்ஜோ என்ற வேறொரு வாத்தியத்தின் மெல்லிய தந்திகளை வாங்கிக் கிற்றாரில் பூட்டினார். பிறகு தந்திகளைத் தளர்த்திச் சுருதியையே கீழே இறக்கினார். 1971இல் வந்த மூன்றாவது இசைத்தட்டில் சில பாட்டுகளில் சுருதி வழக்கத்தைவிட நன்றாகவே இறங்கியிருக்கிறது. விரலுக்கும் இலகு, ஒலியும் கனத்தது. மலைக்கு அப்பால் இடி உருளுவது போன்ற அந்தக் கனம்தான் பிளக் சபாத்தின் அடையாளமாகிவிட்டது. இன்று ஹெவி மெட்டல் என்று சொல்லப்படும் இசைக்கு ஆரம்பம் அதுவென்றுதான் பலரும் எழுதுகிறார்கள்.

இந்த விஷயத்தை நான் பல நாள் மனதில் போட்டு உருட்டினேன். அவர் பழைய கையைத் திரும்பப் பெறவில்லை. வாத்தியத்தைத் தன் கைக்கேற்ப மாற்றினார். நானோ பதினைந்து வருடமாக என் கையைத்தான் குற்றவாளியாக வைத்திருந்தேன். கத்தரிக்கோல் பிடிக்காவிட்டால் கைமேல் கோபம். பொத்தான் ஓட்டை தைக்க வராவிட்டால் கைமேல் கோபம். கத்தரிக்கோலை மாற்றலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

குழுவின் கதைக்கு வருகிறேன். 1968இல் அதே அஸ்டன் பகுதியைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் சேர்ந்தார்கள். டொனி கிற்றார், கீசர் பட்லர் பேஸ் கிற்றார், பில் வார்ட் ட்ரம்ஸ், பாடுவதற்கு ஒஸி ஒஸ்போன். ஒஸி மாடு வெட்டும் இடத்தில் வேலை செய்தவர், கீசர் கணக்கு எழுதியவர். எல்லோரும் கூலிக்குப் போன வீட்டுப் பிள்ளைகள். முதல் இசைத்தட்டை 1969 ஒக்டோபரில் ஏறக்குறைய ஒரே நாளில் பதிவு செய்தார்கள். 1970 பெப்ரவரியில் அது வெளிவந்தபோது பத்திரிகை விமர்சகர்கள் கேலி செய்தார்கள். சனங்கள் வாங்கினார்கள். அதே வருடம் வந்த 'பரனோயிட்' இங்கிலாந்தில் முதலிடத்துக்குப் போனது. அதில் 'வார் பிக்ஸ்' என்று ஒரு பாட்டு உண்டு. போர்ப் பன்றிகள் என்று அர்த்தம். வியட்நாம் யுத்தம் நடந்த காலம். யுத்தத்தைத் தொடங்குகிறவர்கள் பத்திரமாக இருந்துகொண்டு ஏழைகளைச் சாக அனுப்புகிறார்கள் என்பதே பாட்டின் கருத்து. மருமகன் ஒவ்வொரு வரியாக அர்த்தம் சொன்னான். "இதை எங்கட ஆக்களே எழுதியிருக்கலாம்" என்றேன். அன்று முதல் அந்த ஒரு பாட்டை மட்டும் ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்கிறேன்.

அவர்களை நான் தெய்வமாக்க விரும்பவில்லை. பணம் வந்ததும் குடியும் போதைப்பொருளும் கூடவே வந்தன. லயத்தில் வாழும் நமக்கு அந்தக் கதை நன்றாகத் தெரியும். குடித்துக் குடித்தே ஒஸி 1979இல் குழுவிலிருந்து விலக்கப்பட்டார். கணக்கு வழக்கும் அவர்கள் கையில் இருக்கவில்லை. பழைய முகாமையாளர்களோடு வழக்குப் பேசிக்கொண்டே 1975ஆம் ஆண்டின் இசைத்தட்டைச் செய்தார்கள். புகழ் பெற்றவனாக இருந்தாலும் தன் கணக்குப் புத்தகத்தைத் தானே பார்க்காவிட்டால் இதுதான் நிலைமை. நம் பெண்களும் சங்கத்தில் கடன் எடுக்கும்போது கையெழுத்து வைக்குமுன் வாசித்துப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ஒஸி போன பின்னும் குழு நிற்கவில்லை. ரொனி ஜேம்ஸ் டியோ என்ற பாடகர் வந்தார், 1980இல் இன்னொரு பெரிய இசைத்தட்டு வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். ஆரம்பத்திலிருந்து முடிவுவரை விலகாமல் நின்றவர் ஒருவர்தான், நுனியில்லாத விரல்களோடு நின்ற டொனி. 2012இல் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிய வந்தது. சிகிச்சைக்கு நடுவே வேலை செய்தார். 2013இல் வந்த அந்த இசைத்தட்டு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. 2017 பெப்ரவரி 4ஆம் திகதி பேர்மிங்ஹாமிலேயே கடைசிச் சுற்றுப்பயணத்தை முடித்தார்கள்.

பிறகு 2025 ஜூலை 5ஆம் திகதி அதே அஸ்டனில், வில்லா பார்க் விளையாட்டு மைதானத்தில், அந்த நால்வரும் இன்னும் ஒரு தடவை ஒன்றாக மேடையேறினார்கள். வருமானம் சிறுவர் வைத்தியசாலை உட்பட நல்ல காரியங்களுக்கு என்று அறிவித்திருந்தார்கள். ஒஸிக்கு நடுக்க நோய். எழுந்து நிற்க முடியாது. ஒரு பெரிய நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடினார். கச்சான் காற்று கூரைத் தகரத்தை அடித்துக்கொண்டிருந்த ஒரு இரவில் மருமகனும் நானும் மகளும் அதை அந்தச் சின்னத் திரையில் பார்த்தோம். பாடலை விட நான் பார்த்தது டொனியின் வலக்கையைத்தான். எழுபத்தேழு வயதிலும் அந்த உறைகளை மாட்டியபடியே வாசித்தார். ஒளிக்கவில்லை. பதினேழு நாள் கழித்து ஜூலை 22ஆம் திகதி ஒஸி இறந்துபோனார். மருமகன் அன்று கிற்றாரைத் தொடவில்லை. பக்கத்துக் காம்பராப் பாட்டி, "ஏன் பேரனுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

அந்த வாரமே நான் ஒரு காரியம் செய்தேன். கிழிந்துபோன கைப்பையிலிருந்து தோலை வெட்டி என் இரண்டு விரல்களுக்கும் தொப்பி தைத்தேன். முதல் சோடி பெரிது, கழன்று விழுந்தது. இரண்டாவது இறுக்கி விரலைப் புண்ணாக்கியது. மூன்றாவது சரியாக அமைந்தது. மருமகன் கத்தரிக்கோலின் பிடியில் சைக்கிள் டியூப் றப்பரைச் சுற்றி, என் பெருவிரலும் மோதிரவிரலும் பிடிக்கும்படி செய்து தந்தான். ஊசியில் பெரிய கண் உள்ளதை வாங்கினேன். முன்னர் சேலைச் சட்டை ஒன்று வெட்டித் தைக்க ஒரு முழு நாள் போகும். இப்போது மத்தியானத்தோடு முடிகிறது. பாடசாலைச் சீருடைக்கும் ஆள் வருகிறது. மார்கழி மழையில் பழைய காயம் இப்போதும் விண்விண் என்று வலிக்கத்தான் செய்கிறது. அதற்கு எந்தத் தொப்பியும் கிடையாது.

அவரால் முடிந்தது, ஆகவே எல்லோராலும் முடியும் என்று நான் சொல்ல வரவில்லை. நம்மில் பலருக்குக் காயம் உடம்புக்குள்ளே இருக்கிறது, ஷெல் துண்டாகவும் நினைவாகவும். மனத்தைரியம் இருந்தால் போதும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். டொனிக்கும் தைரியம் மட்டும் போதவில்லை. முதலில் ஒருவர் இசைத்தட்டோடு அவர் வீட்டு வாசலுக்கு வந்தார். அதற்குப் பிறகுதான் போத்தலும் தோலும் மெல்லிய தந்தியும்.

எங்கள் மேல் லயத்தில் ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள். கொழும்புப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தபோது யந்திரத்தில் கை அகப்பட்டு, போன வருடம் வீட்டுக்கு வந்தவள். வந்ததிலிருந்து பீலிக்குத் தண்ணீர் எடுக்கவும் இறங்குவதில்லை. அவளுடைய அம்மா என்னைக் காணும்போதெல்லாம் அழுவார். "நான்தான் வேலைக்குப் போன்னு அனுப்பினேன்" என்பார். இவ்வளவு காலமும் எனக்கு அந்தக் காம்பராவுக்குப் போகப் பயமாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை போனேன். மருமகனின் கைத்தொலைபேசியும் ஒரு துண்டுத் தோலும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு போனேன். படியேறும்போது, வழக்கமாகச் சேலைத் தலைப்புக்குள் இருக்கும் கையை வெளியே எடுத்துக்கொண்டேன். முதலில் அவள் அம்மாவிடம், "உங்க மேல ஒரு பிழையும் இல்லக்கா" என்றேன். பிறகு உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் தோல் தொப்பிகளைக் கழற்றி அவள் மடியில் வைத்தேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்றை எடுத்து உள்ளே விரல் விட்டுப் பார்த்தாள்.

"இது எனக்குப் பெருசு, சின்னம்மா" என்றாள். 

"முதல் தொப்பி அப்படித்தான் புள்ள. கையக் கொடு, அளவெடுப்போம்" என்றேன்.